ஆடி முடியட்டும்

ஆனி 22, ஞாயிறு

காலை: இட்லி மூன்று, தேங்காய்ச் சட்னி. மதியம்: சோறு, பாகற்காய்ப் பொரியல், ரசம். மாலை: டீ, சீனி இல்லாமல்.

சர்க்கரைக்கு மருந்து கொடுக்கிற டாக்டரம்மாதான் இந்த டைரியைத் தந்தாள். "வாயில போடுறதையெல்லாம் ஒண்ணுவிடாம எழுதிட்டு வாங்க பாட்டி" என்றாள். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். எழுத்து கோணும், ஞாபகம் கோணாது. மூன்று இட்லிக்கு ஒரு பக்கம் அதிகம். மிச்ச இடத்தை வீணாக்க மனசில்லாததால் வீட்டில் நடப்பதையும் எழுதி வைக்கிறேன்.

பேத்தி சுபிக்ஷா காலையில் காபி டம்ளரோடு வந்து என் கட்டிலில் உட்கார்ந்தாள். அப்படி உட்கார்ந்தால் ஏதோ இருக்கிறது என்று அர்த்தம்.

"அப்பத்தா, நான் கம்ப்யூட்டர் வாங்கப் போறேன்."

காலேஜில் இரண்டாம் வருஷம். லீவு நாளெல்லாம் ஜெராக்ஸ் கடையில் நின்று நாற்பதாயிரம் சேர்த்திருக்கிறாள்.

"படிக்கவா?"

"விளையாட."

"அதுக்கு நாப்பதாயிரமா? பரண்ல பல்லாங்குழி கிடக்கு, எடுத்துத் தரவா?"

"அதுல துப்பாக்கி இல்லையே அப்பத்தா."

ஐந்து பேர் சேர்ந்து ஆடுகிற ஆட்டமாம். ஆவணியில் கோயம்புத்தூரில் காலேஜ்களுக்குள் போட்டி. மற்ற நாலு பேரும் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் இருக்கிற விளையாட்டுக் கடையில் இரவு பத்து மணிவரை ஆடிப் பழகுகிறார்கள். இவளை என் மகன் சோலைராஜ் விடவில்லை. லாரி ஓட்டுகிறவன், வாரத்துக்கு ஒருமுறை வருவான். "ஆறு மணிக்கு மேல பொம்பளப் புள்ளைக்கு அங்க என்ன வேலை?" என்று போனிலேயே முடித்துவிட்டான். வீட்டிலேயே ஒன்று இருந்தால் அவன் ஒன்றும் சொல்ல முடியாது.

மகன் சொன்னதுதான் சரி என்றேன். சொன்ன பிறகு அவள் முகத்தைப் பார்த்தேன். பார்க்காமல் இருந்திருக்கலாம்.

ஆனி 25, புதன்

காலை: தோசை இரண்டு. மதியம்: சோறு, கீரை. மாலை: கடலை மிட்டாய் பாதி. (மீதிப் பாதி நாளைக்கு என்று வைத்தேன். அதுவும் இன்றே போய்விட்டது.)

கம்ப்யூட்டரை முழுசாக வாங்கினால் விலை கூடுதலாம். உறுப்பு உறுப்பாக வாங்கிப் பூட்டினால் மிச்சமாம். இது எனக்குப் புரிகிற பேச்சு. கிரைண்டர் வாங்கப் போனபோது என் வீட்டுக்காரர் கலரைப் பார்த்தார், நான் மோட்டாரைப் பார்த்தேன். அந்தக் கிரைண்டர் அவருக்குப் பிறகும் ஓடியது.

"இதுல மோட்டார் எது?" என்றேன்.

கணக்குப் போடுகிற பிராசசர் என்று ஒன்று, படத்தை வரைகிற கிராபிக்ஸ் கார்டு என்று ஒன்று. இரண்டையும் தாங்குகிற பலகைக்கு மதர்போர்டு என்று பெயர். கரண்டு கொடுக்கிற டப்பாவில் மலிவு பார்த்தால் மொத்தமும் புகைந்துவிடும் என்றாள். பிறகு போனில் ஒரு கண்ணாடிப் பெட்டியைக் காட்டினாள். அதற்குள்தான் எல்லாவற்றையும் வைப்பார்களாம். உள்ளே பச்சை, சிவப்பு, ஊதா.

"மாரியம்மன் பொங்கலா நடக்குது உள்ள? அந்த லைட்டை வெட்டு."

வெட்டினாள். வெட்டிய காசில் ரேம் இரண்டு மடங்கானது. ரேம் என்றால் என்ன என்று கேட்டேன்.

"ஞாபகம் அப்பத்தா. உனக்கு இருக்குற மாதிரி."

மனசு குளிர்ந்துவிட்டது. பிறகு அவளே, "ஆனா கரண்டு போனா எல்லாம் மறந்துரும்" என்றாள். அப்படியானால் அது என்னை மாதிரி இல்லை.

ஆனி 29, ஞாயிறு

காலை: பொங்கல் கொஞ்சம். மதியம்: சோறு, கத்திரிக்காய்க் குழம்பு.

கிராபிக்ஸ் கார்டு இடிக்கிறது. புதிதாக வாங்கினால் நாற்பதாயிரத்தில் பாதியை அதுவே தின்றுவிடும்.

"அது இல்லாம ஓடாதா?" என்றேன்.

"ஓடும். கல்யாண வீட்டுல சோத்தைப் போட்டுட்டுக் குழம்பு ஊத்தாத மாதிரி ஓடும்."

அப்போது என் மருமகள் ஜெயக்கொடி அடுப்படியிலிருந்து, என் பக்கம் திரும்பாமலே சொன்னாள்: "ஞானவேல்ட்ட பழைய கார்டு ஒண்ணு இருக்காம். நல்லா ஓடுதாம். பாதி விலைக்கும் கம்மியாத் தரேங்கிறான். டிவி மாதிரி அந்தத் திரையும் கடையில சும்மாதான் கிடக்காம். எல்லாத்தையும் அவனே வந்து பூட்டிக் குடுத்துருவான்."

ஞானவேல் அவள் தம்பி. மதுரையில் கம்ப்யூட்டர் ரிப்பேர்க் கடை வைத்திருக்கிறான்.

என் வீட்டுக்காரர் கருமாதி அன்று நடந்ததை எழுதுகிறேன். சுபி அப்போது கைக்குழந்தை. அவர் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது வீட்டிலிருந்த மரச்சாமான் ஒவ்வொன்றாக விலைக்குப் போய்விட்டது. வந்தவர்கள் உட்காரப் பிளாஸ்டிக் நாற்காலி வாடகைக்கு எடுத்தோம். நான் சாம்பார் வாளியோடு பந்திக்குப் போய்க்கொண்டிருந்தேன். இடது கையில் வாளி, வலது கையில் கரண்டி. இந்த ஞானவேல் ஒரு நாற்காலியைத் திருப்பி, பின்னால் எழுதியிருந்த கடைப் பெயரைப் படித்துவிட்டு, பக்கத்திலிருந்தவனிடம், "உக்கார்ற நாற்காலிகூட வாடகைதானா இந்த வீட்ல?" என்று சிரித்தான். கட்டம் போட்ட நீலச் சட்டை. மேல் பொத்தான் இல்லை.

அன்றிலிருந்து அவனோடு நான் ஒரு வார்த்தை பேசியதில்லை. அவன் வந்தால் நான் கோயிலுக்குப் போய்விடுவேன்.

இதையெல்லாம் சுபியிடம் சொல்லவில்லை. "உன் இஷ்டம்" என்றேன்.

ஆடி 3, சனி

காலை: இட்லி மூன்று. மதியம்: சோறு, மோர்க்குழம்பு.

ஆடித் தள்ளுபடியாம். போனிலேயே எல்லாவற்றுக்கும் பணம் கட்டிவிட்டாள். கார்டு மட்டும் ஞானவேல் கொண்டு வருவான். நான் அவள் தலையில் கைவைத்து ஆசீர்வாதம் செய்தேன். அது பொய்யில்லை.

ஆடி 9, வெள்ளி

காலை: ஒன்றுமில்லை, அம்மனுக்குக் கூழ். மதியம்: கூழ், முருங்கைக்கீரை.

பெட்டிகள் வந்துவிட்டன, ஐந்து. நான் கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். சுபி ஒவ்வொன்றையும் என் மடியில் வைத்து வைத்து எடுத்தாள். ஒரு பெட்டியின் மூலை மட்டும் நசுங்கியிருந்தது. வழியில் தூக்கிப் போட்டிருப்பார்கள்.

"ஞானவேல் மாமா ஞாயித்துக்கிழமை வரேன்னுருக்காரு."

"ஆடி மாசத்துல புதுசா எதையும் பிரிக்கக் கூடாது. ஆடி முடியட்டும்" என்றேன்.

ஜெயக்கொடி வாசலிலிருந்து, "போன ஆடியில புது மிக்சி மட்டும் ஓடுச்சே அத்தே?" என்றாள்.

அது வேறு. பழையது நின்றுபோய்ச் சட்னிக்கு வழியில்லாமல் வாங்கியது.

சுபி என்னமோ சொன்னாள். பத்து நாளைக்குள் பிரித்துப் பார்க்க வேண்டும், பழுது இருந்தால் அதற்குள் சொன்னால்தான் மாற்றித் தருவார்கள் என்று. கீரையில் கவனமாக இருந்ததால் எனக்குச் சரியாகக் காதில் விழவில்லை.

பெட்டிகளை என் கட்டிலுக்கு அடியில் வைக்கச் சொன்னேன். அங்கேதான் பத்திரம்.

ஆடி 11, ஞாயிறு

காலை: இட்லி இரண்டு. மதியம்: சோறு, முட்டை ஒன்று.

ஞானவேல் வரவில்லை. வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். சாயங்காலம் சுபி கட்டிலுக்கடியில் குனிந்து பெட்டிகளைப் பார்த்துவிட்டுப் போனாள். தொடவில்லை. தொட்டிருந்தால் திட்டியிருப்பேன். திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

ஆடி 15, வியாழன்

காலை: உப்புமா. மதியம்: சோறு, அவரைக்காய்.

ஜெயக்கொடி லேசுப்பட்டவள் இல்லை. சாப்பிட உட்கார்ந்தபோது, "பதினெட்டாம் பெருக்கு நல்ல நாள்தானே அத்தே? தாலிக் கயிறே அன்னைக்கு மாத்துறோம். ஞாயித்துக்கிழமையா வேற வருது. ஞானவேலை வரச் சொல்லிரவா?" என்றாள்.

என்ன சொல்ல முடியும்? பெருக்கு நல்ல நாள்தான். நல்ல நாள் இல்லை என்று சொன்னால் இந்தத் தெருவே சிரிக்கும். "சரி" என்றேன். சுபி எழுந்து வந்து, எச்சில் கையோடு, என் கன்னத்தில் முத்தம் கொடுத்தாள்.

ஆடி 18, ஞாயிறு

காலை: இட்லி மூன்று, சாம்பார்.

தலை சுற்றியது. சுற்றுகிறது என்று சொன்னேன். காலையில் ஒன்றும் சாப்பிடவில்லை என்றும் சொன்னேன். சுபி பயந்துபோய் என் காலைத் தேய்த்தாள், ஓடிப்போய்ச் சீனித்தண்ணீர் கலந்து வந்தாள். ஜெயக்கொடி சர்க்கரை பார்க்கிற மிஷினைக் கொண்டுவந்து என் விரலைக் குத்தினாள். நூற்று முப்பது காட்டியது. எப்போதும் காட்டுவதுதான். அந்த எண்ணைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். மிஷினை மூடி உறையில் போட்டாள்.

கூடத்தில் போய்ப் போனில் பேசினாள். "ஞானவேலு, இன்னைக்கு வேணாம்யா. அத்தைக்கு முடியலை." என்ன பதில் வந்ததோ, "ஆமா, ஆமா, பாத்துக்கிறேன்" என்றாள்.

மதியம்: சித்திரான்னம் மூன்று வகை. கொஞ்சம் கொஞ்சம்தான்.

ஆடி 19, திங்கள்

காலை: தோசை இரண்டு. மதியம்: சோறு, கத்திரிக்காய். இன்று எழுதுவதற்கு ஒன்றுமில்லை.

ஆவணி 1, ஞாயிறு

காலை: சாப்பிட்டேன். மதியம்: நினைவில்லை.

நினைவில்லை என்று நான் எழுதுவது இதுதான் முதல் தடவை.

போன வாரம் ஜெயக்கொடி மதுரைக்குப் போனபோது ஞானவேல் கார்டையும் திரையையும் கொடுத்தனுப்பியிருந்தான். இன்று அவனுக்கு மச்சினன் கல்யாணம், வர முடியவில்லை. சுபியால் இன்னொரு நாள் பொறுக்க முடியவில்லை. போனில் வீடியோவை ஓடவிட்டு, தரையில் துண்டை விரித்து, அவளே பூட்டினாள். ஒவ்வொரு திருகையும் தட்டில் தனியாக வைத்துத் தாலிக்குக் குண்டு கோர்க்கிற மாதிரி பார்த்துப் பார்த்துச் செய்தாள். சாயங்காலம் சுவிட்சைப் போட்டாள். உள்ளே காற்றாடி சுற்றியது. திரை கறுப்பாகவே இருந்தது.

கழற்றினாள். மறுபடி பூட்டினாள். மூன்றாவது தடவை பிராசசரைத் தூக்கியபோது நின்றுவிட்டாள். மதர்போர்டில் அது உட்கார்கிற இடத்தில் மயிர் மயிராக ஊசிகள் இருக்கின்றன. அதில் ஒரு ஓரம் சாய்ந்து கிடந்தது, மாடு மிதித்த நாற்று மாதிரி.

"நான்தான் வளைச்சிட்டேன்" என்றாள். "மெதுவாத்தான் வச்சேன் அப்பத்தா. மெதுவாத்தானே வச்சேன்?"

"மெதுவாத்தான் வச்ச" என்றேன். அதற்கு மேலும் ஒரு வார்த்தை இருந்தது. சொல்லவில்லை.

ஆவணி 3, செவ்வாய்

காலை: இட்லி ஒன்று.

கம்பெனிக்காரனுக்குப் போன் போட்டாள். நாள் தாண்டிவிட்டது, ஊசி வளைந்தது வாங்கினவர் கைப்பிழை, மாற்ற முடியாது என்று அவன் ஒரே மூச்சில் சொல்லிவிட்டான். மரியாதையாகத்தான் சொன்னான். கையில் மிச்சம் பணம் இல்லை.

மதியம் அவளோடு ஆடுகிறவர்களில் பெரியவனான ஒருவன் பேசினான். பெயர்ப் பட்டியலைக் கொடுக்க வேண்டும், பழகாதவளை எப்படிச் சேர்ப்பது என்று. இன்னொருத்தனைச் சேர்த்துவிட்டார்கள். சுபி ஆறாவது ஆள். யாருக்காவது காய்ச்சல் வந்தால் ஆடலாம்.

"பரவால்லண்ணா, என் தப்புதான்" என்றாள். போனை வைத்துவிட்டு ஜெராக்ஸ் கடைக்குக் கிளம்பிப் போனாள்.

என் தப்புதான் என்று அவள் சொன்னபோது ஜெயக்கொடி வெங்காயம் நறுக்குவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். கண்ணில் தண்ணீர் இருந்தது. வெங்காயமாக இருக்கலாம்.

ஆவணி 5, வியாழன்

காலை: இட்லி இரண்டு. பஸ்ஸில்: ஒன்றுமில்லை. மதுரையில்: டீ.

அந்தப் பலகையை அதன் பெட்டியில் வைத்து, மஞ்சள்பையில் போட்டு, கோயிலுக்கு என்று சொல்லிவிட்டு மதுரை பஸ் ஏறினேன். கடைப் பெயரை மட்டும் வைத்துக்கொண்டு நாலு பேரிடம் கேட்டுக் கேட்டுப் போனேன்.

சந்துக்குள் சின்னக் கடை. ஒரே ஒரு நாற்காலி, அதில் அவன். முன்தலையில் முடி போய்விட்டது. என்னைப் பார்த்ததும் எழுந்த வேகத்தில் நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது. அதைத் தூக்கி நிறுத்தி, தோளில் கிடந்த துண்டால் துடைத்து, "உக்காருங்கத்தே" என்றான். வாசலுக்குப் போய் டீக்கடைப் பையனைக் கூப்பிட்டான்: "ஒரு டீ, சீனி போடாம!"

எனக்குச் சர்க்கரை என்று அவனுக்குத் தெரிந்திருக்கிறது.

பையிலிருந்து பெட்டியை எடுத்து நீட்டினேன். லென்ஸ் வைத்துப் பார்த்தான். ஊசிகளை மூடியிருந்த பிளாஸ்டிக் மூடியைத் திருப்பினான். பெட்டியின் மூலையைத் தடவினான்.

"இது பாப்பா செஞ்சதில்லத்தே. வரும்போதே அடிபட்டு வந்துருக்கு. மூடியே உள்வாங்கியிருக்கு பாருங்க. ரெண்டு ஊசி ஒடிஞ்சே போச்சு, நிமித்தவும் முடியாது. வந்த உடனே பிரிச்சிருந்தா ஒரு பேச்சில்லாம மாத்திக் குடுத்துருப்பான்."

"ஆடி" என்றேன்.

"என்னத்தே நீங்க. இந்தக் கடையே நான் ஆடியிலதான் திறந்தேன். அப்பத்தான் அட்வான்ஸ் கம்மியாக் கேட்டாங்க." சிரித்தான். அதே சிரிப்பு.

அந்தச் சிரிப்பில்தான் வாய் திறந்துவிட்டது. நாற்காலி, வாடகை, சாம்பார் வாளி, நீலச் சட்டை, இல்லாத பொத்தான், எல்லாவற்றையும் சொன்னேன். இத்தனை வருஷமாகச் சொல்லிப் பழகியது மாதிரி தட்டாமல் வந்தது.

அவன் லென்ஸைக் கீழே வைத்தான். யோசித்தான். உண்மையாகவே யோசித்தான்.

"நானா அத்தே? எனக்கு ஞாபகமே இல்லையே." கொஞ்சம் கழித்து, "சொல்லியிருப்பேன். அப்ப வாய் அப்படித்தான். மன்னிச்சிருங்கத்தே" என்றான்.

அப்போது அவனுக்கு என்ன வயது என்று கணக்குப் போட்டேன். இப்போது சுபிக்கு இருக்கிற வயது.

பழைய போர்டு ஒன்று இருக்கிறதாம். அதற்கு இந்தப் பிராசசர் பொருந்தாது, அதையும் மாற்ற வேண்டும், வேகம் குறையும், ஆனாலும் ஓடும் என்றான். காசு வாங்க மாட்டேன் என்றான். "ஞாயித்துக்கிழமை வரேன். பாப்பா மேல தப்பில்லன்னு நான் சொல்லிக்கிறேன்."

"நானே சொல்லிக்கிறேன்" என்றேன்.

ஆவணி 6, வெள்ளி

காலை: இட்லி. சொல்லவில்லை. அவள் அவசரமாகக் காலேஜுக்குக் கிளம்பினாள்.

ஆவணி 7, சனி

காலை: தோசை. சொல்லவில்லை. அவள் அவசரமாக இல்லை.

ஆவணி 8, ஞாயிறு

காலை: ஒன்றும் இறங்கவில்லை. இது நிஜம்.

ஞானவேல் வந்தான். நான் கோயிலுக்குப் போகவில்லை. கூடத்து நாற்காலியைத் துடைத்து நடுவில் போட்டேன். "தரையில உக்காந்தாத்தான் வேலை ஓடும் அத்தே" என்று கீழே உட்கார்ந்துவிட்டான். அந்த நாற்காலி அவன் போகிற வரைக்கும் காலியாகவே கிடந்தது.

திரையில் வெளிச்சம் வந்தது. சுபி இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு, "நான் அந்த போர்டை வளைக்காம இருந்திருந்தா இன்னும் நல்லா ஓடிருக்கும்ல மாமா?" என்றாள்.

அவன் என்னைப் பார்த்தான். "அத்தை சொல்லலையா? அது வரும்போதே அடிபட்டதுதான் பாப்பா. உன் கை இல்ல."

பெட்டி வந்த நாளிலிருந்து சுபி மனசுக்குள் எண்ணுவது எனக்குத் தெரிந்தது. நானும் அப்படித்தான் எண்ணுவேன், உதடு லேசாக ஆடும்.

"அப்ப பெருக்கு அன்னைக்குப் பாத்திருந்தாக்கூட மாத்தியிருக்கலாம்" என்றாள். உடனே, "பரவால்ல, அப்பத்தாவுக்கு அன்னைக்கு முடியல" என்று அவளே எனக்காகச் சொன்னாள்.

ஜெயக்கொடி சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவள் சொல்லியிருந்தால் நான் மறுத்திருப்பேன். சண்டை போட்டிருப்பேன், அழுதிருப்பேன். அவள் சொல்லவில்லை.

"அன்னைக்கு எனக்குத் தலை சுத்தல" என்றேன்.

காற்றாடிச் சத்தம் மட்டும் கேட்டது.

"மூணு இட்லி சாப்பிட்டேன். உங்க மாமா உதவின்னு இந்த வாசப்படி ஏறக் கூடாதுன்னுதான் அப்படிச் சொன்னேன். ஆடியும் இல்ல, ஒண்ணும் இல்ல."

சுபி எழுந்து கொல்லைப்பக்கம் போனாள்.

ஆவணி 11, புதன்

காலை: இட்லி மூன்று. மதியம்: சோறு, பீர்க்கங்காய்.

சுபி தட்டு வைக்கிறாள், மாத்திரை எடுத்துக் கொடுக்கிறாள். பேசுவதில்லை. நான் கூடத்துக்கு வந்தால் அவளுக்கு மாடியில் துணி எடுக்க வேலை வந்துவிடுகிறது. இதைச் செய்வது எப்படி என்று அவளுக்கு யாரும் சொல்லித்தரவில்லை. வீட்டில் பார்த்துத் தெரிந்துகொண்டதுதான்.

ஆவணி 14, சனி

காலை: இட்லி இரண்டு. மதியம்: சோறு, புடலங்காய்.

நாளைக்கு அவர்கள் கோயம்புத்தூர் போகிறார்கள். இவளும் போகிறாள், ஆறாவது ஆளாக. சோலைராஜ் சரி என்று சொல்லிவிட்டான். நான்தான் அவனிடம் பேசினேன். அது அவளுக்குத் தெரியாது.

பையில் துணி அடுக்கிக்கொண்டிருந்தாள். நான் வாசலில் நின்று, "உங்க தாத்தா கருமாதியில நாற்காலிகூட வாடகையான்னு சிரிச்சது ஞானவேலுக்கு ஞாபகமே இல்லையாம். சுத்தமா மறந்துட்டான்" என்றேன். ஏன் அதைச் சொன்னேன் என்று எனக்கே தெரியும். மறப்பது சுலபம் என்று அவளுக்குக் காட்டத்தான்.

துணியை மடித்தபடியே பேசினாள். நிமிரவில்லை.

"ஆடி ஒம்பது, வெள்ளிக்கிழமை. நீ முருங்கைக்கீரை ஆஞ்சுக்கிட்டு இருந்த. பச்சைக்கரை போட்ட வெள்ளைச் சேலை. பத்து நாளுக்குள்ள பிரிக்கணும்னு நான் சொன்னப்ப உன் கை ஒரு நிமிஷம் நின்னுச்சு. அப்புறம் மறுபடி ஆய ஆரம்பிச்சிட்ட. அந்த நசுங்கின மூலைய உன் கட்டைவிரலால அமுக்கிப் பாத்த, அப்பத்தா. பாத்துட்டு, அந்தப் பக்கம் சுவத்தோரம் போற மாதிரி திருப்பி வச்ச."

சேலையை நான் மறந்திருந்தேன். பச்சைக்கரைதான்.

பை ஜிப்பை இழுத்து மூடினாள். என்னைத் தாண்டிப் போகும்போது நின்று, என் தோளில் கிடந்த நூல் ஒன்றை எடுத்துப் போட்டுவிட்டுப் போனாள்.

இரவு: கோதுமை தோசை ஒன்று. மோர். அவள் வைத்துவிட்டுப் போனது.